கோடை வெப்பமும் முதியோர் பாதுகாப்பும்

கோடை வெப்பத்தால் மக்கள் மடிகின்றனர் என்றவுடன், வெயிலில் மண் சுமப்பவரோ, ஏர் பிடிப்பவரோ சுருண்டு விழும் காட்சியே பலருடைய மனத்தில் தோன்றுகிறது. அது உண்மையே; ஆயினும் முழு உண்மை அன்று. வெயிலில் அடியெடுத்து வைக்காமல், தம் வீட்டுக்குள்ளேயே கட்டிலில் படுத்திருந்து வெப்பத்தால் உயிர் நீப்பவரும் உளர். அவர்களுள் மிகப் பலர் முதியோர்.

குஜராத் மாநிலத்து ஆமதாபாத் நகரில் 2010ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் வெப்பநிலை 46.8 டிகிரி செல்ஷியஸை எட்டியது. அம்மாதத்தில் அந்நகரில் நேர்ந்த எல்லா மரணங்களையும், அதற்கு முந்திய ஆண்டிலும் பிந்திய ஆண்டிலும் மே மாதத்தில் நேர்ந்தவற்றோடு ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். வழக்கத்தைவிட 1,344 பேர் மிகுதியாக மாண்டிருந்தமை தெரிய வந்தது. ஐரோப்பாவிலும் இதற்கு ஒத்த அனுபவம் உண்டு. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சு நாட்டைத் தாக்கிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள்.

இத்தகைய மரணங்கள் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு என்றே அவை பெரும்பாலும் குறிக்கப்படுகின்றன. வீட்டாரும் ‘வயதாகிவிட்டது, காலம் வந்துவிட்டது’ என்று அமைதி கொள்கின்றனர். ஆனால் இம்மரணங்களிற் பல தடுக்கத்தக்கவை. 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். இவர்களைக் கோடைக்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

உடல் வெப்பத்தை வெளியேற்றும் முறை

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்ஷியஸ். உண்ட உணவு எரிவதால் உடலுக்குள் ஓயாது வெப்பம் உண்டாகிறது. அதனை வெளியேற்றாவிடில் உடல் மேன்மேலும் சூடேறும். இதனைத் தடுக்க இரு வழிகள் உள்ளன.

முதலாவது, தோலின் அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளிருக்கும் வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவந்து காற்றில் விடுகிறது. இதற்காக இதயம் வழக்கத்தைவிட விரைவாகவும் மிகுதியாகவும் உழைக்க வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையாகிய 35 டிகிரிக்கு அருகே வந்துவிட்டால் இவ்வழி அடைபட்டுப் போகிறது. அதற்கு மேற்பட்டால் வெப்பம் காற்றிலிருந்து உடலுக்குள் நுழையத் தொடங்குகிறது.

அப்பொழுது எஞ்சி நிற்பது இரண்டாவது வழியாகிய வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மீதே ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்கிறது. அமர்ந்திருக்கும் ஒருவருடைய உடலில் பல மணி நேரத்தில் உண்டாகும் வெப்பத்திற்கு இது ஈடாகும். ஆனால் ஆவியாகும் வியர்வைதான் உடலைக் குளிர்விக்கும். சொட்டி வீழும் வியர்வையால் நீரும் உப்பும் நட்டமாவதன்றிப் பயனில்லை. காற்றில் ஈரம் மிக்க கடற்கரை ஊர்களில் வெப்பமானி 37 டிகிரி காட்டும் நாளும், உள்நாட்டின் உலர்ந்த 42 டிகிரி நாளைப் போலவே துன்பம் தருவதற்குக் காரணம் இதுவே.

முதுமையில் நேரும் மாறுதல்கள்

வயது ஏற ஏற இவ்விரு வழிகளும் குறுகுகின்றன. தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. இதயத்தால் முன்போல் விரைந்து உழைக்க முடிவதில்லை. வியர்வைச் சுரப்பிகள் காலந்தாழ்த்தும் குறைவாகவும் சுரக்கின்றன. சிறுநீரகங்கள் நீரைச் சிக்கனமாகச் செலவிடும் ஆற்றலை இழக்கின்றன.

இவற்றினும் முக்கியமான மாறுதல் மற்றொன்று உண்டு. தாகம் என்பது உடல் தரும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையே முதுமையில் மங்கிவிடுகிறது. உடலில் நீர் குறைந்துள்ள நிலையிலும் முதியவர் தாகம் இல்லை என்றே கூறுவார். அவர் பொய் சொல்லவில்லை. அறை சூடேறியிருப்பதையும் அவர் இளையோரைப் போல் விரைவில் உணர்வதில்லை. சித்திரை மாதத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு போர்வையுடன் படுத்திருக்கும் பாட்டியாரைக் காண்பது அரிதன்று. இரவில் எழுந்து வெளியே செல்ல வேண்டியிருக்குமே என்றும், பிறருக்குத் தொல்லையாகுமே என்றும் அஞ்சி, மாலைக்கு மேல் நீர் அருந்துவதையே நிறுத்திவிடும் முதியோரும் பலர்.

உட்கொள்ளும் மருந்துகளையும் கருத வேண்டும். இரத்த அழுத்தத்திற்காகத் தரப்படும் சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள் உடலின் நீரைக் குறைக்கின்றன. இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்துகள், மனநோய்க்குரிய மருந்துகளிற் சில, சளிக்கும் தூக்கத்திற்கும் அருந்தும் மாத்திரைகளிற் சில ஆகியவை உடல் வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். எனினும் இவற்றைத் தாமாக நிறுத்துவது பெருந்தீங்கு விளைக்கும். கோடைக்கு முன்னரே மருத்துவரிடம் காட்டிக் கேட்பதே முறை.

ஆகவே, ‘தாகம் எடுத்தால் அருந்துங்கள், சூடாக இருந்தால் வெளியே வாருங்கள்’ என்று முதியவருக்குக் கூறும் அறிவுரை பெரிதும் பயன் தராது. அவருடைய உடலின் அறிவிப்பு தவறும் இடத்தில் மற்றொருவருடைய கண்ணும் கையும் உதவ வேண்டும். இதுவே இப்பணியின் அடிப்படை.

வெப்ப அறிவிப்பின் பொருள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையைக் குறித்து நாள்தோறும் அறிவிப்பு வெளியிடுகிறது. ஓரிடத்தின் உச்ச வெப்பநிலை சமவெளியில் 40 டிகிரியையும், கடற்கரையில் 37 டிகிரியையும், மலைப் பகுதியில் 30 டிகிரியையும் அடைந்து, அவ்விடத்தின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் மிகுந்திருந்தால் அது வெப்ப அலை எனப்படும். வழக்கமான அளவு எதுவாயினும், வெப்பநிலை 45 டிகிரியை எட்டினாலும் வெப்ப அலை என்றே கொள்வர். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களால் எச்சரிக்கையின் கடுமை உணர்த்தப்படுகிறது.

இவ்வறிவிப்பைப் பயன்படுத்துவோர் ஓர் உண்மையை நினைவில் வைக்க வேண்டும். வானிலை நிலையத்து வெப்பமானி, காற்றோட்டமான திறந்த வெளியில், வெண்ணிறம் பூசிய சட்டப் பலகைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கிறது. முதியவரோ தகரக் கூரையின் கீழோ, கல்நார்த் தகட்டின் கீழோ, மேல்மாடிக் காரைத் தளத்தின் கீழோ வாழ்கிறார். அவருடைய அறையின் வெப்பநிலையை வானொலி கூறுவதில்லை.

அன்றியும், பகலெல்லாம் வெப்பத்தை உறிஞ்சிய காரைத் தளமும் சுவரும் இரவில் அதனை அறைக்குள் வெளிவிடுகின்றன. பகலில் களைத்த இதயத்திற்கு ஓய்வு தருவது இரவின் குளிர்ச்சியே. அது கிட்டாவிடில் மறுநாளின் சுமை முதல் நாளின் சுமையோடு சேர்கிறது. பகல் உச்சம் 40 டிகிரிக்குக் குறையாதிருக்கையில் இரவின் குறைந்த அளவும் வழக்கத்தைவிட 4.5 டிகிரி மிகுந்தால், அதனை வெப்ப இரவு என வானிலைத் துறை தனியே குறிப்பது இதுபற்றியே. முதல் நாளில் நலமாகக் காணப்பட்ட முதியவர் மூன்றாம் நாளில் வீழ்ந்துவிடலாம். ‘நேற்றுப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தார்’ என்று இருந்துவிடுதல் கூடாது.

கோடைக்கு முன் செய்ய வேண்டியவை

ஆமதாபாத் நகராட்சி, 2010ஆம் ஆண்டின் பாடத்தை மறவாது, 2013ஆம் ஆண்டில் வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றை மேற்கொண்டது. தெற்காசியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. முன்னெச்சரிக்கையைப் பரப்புதல், சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி அளித்தல், மக்களுக்கு அறிவுறுத்தல் ஆகியவை அதன் உறுப்புகள். பின்னர் நம் நாட்டின் பல மாநிலங்களும் நகரங்களும் இம்முறையைத் தழுவின. நகருக்கு ஒரு திட்டம் இருப்பதுபோல் ஒவ்வொரு சிற்றூருக்கும் தெருவுக்கும் ஒரு சிறு திட்டம் இருக்கலாம். மாசி, பங்குனி மாதங்களே அதற்கு உரிய காலம்.

முதலில் பட்டியல் தயாரிக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர், ஆஷா பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர் தம் எல்லைக்குள் தனியே வாழும் முதியோர், படுக்கையில் இருப்போர், இதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் உடையோர், நினைவு குன்றியோர், தகரக் கூரையின் கீழும் மேல்மாடியிலும் வசிப்போர் ஆகியோரைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் காலை முதல் மாலைவரை தனித்திருக்கும் முதியவர், குடும்பத்தோடு வாழ்பவர் எனினும் தனித்திருப்பவராகவே கருதப்பட வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு துணைவரை அமர்த்த வேண்டும். அண்டை வீட்டார், உறவினர், மகளிர் குழு உறுப்பினர் எவராயினும் ஆகலாம். இவர் இன்னார் என்பது முதியவருக்கும் வீட்டாருக்கும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ‘யாரேனும் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நிலையில் பெரும்பாலும் எவரும் பார்ப்பதில்லை.

மூன்றாவதாக, அறையைச் செப்பனிட வேண்டும். கூரையின் மேற்புறத்தில் வெண்சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்பட்டு அறையின் சூடு சில டிகிரி குறைகிறது. மேற்குச் சன்னலுக்கு வெளியே தட்டியோ கீற்றோ கட்டலாம். திரையை உட்புறம் தொங்கவிடுவதைவிட வெளிப்புறம் மறைப்பதே நன்று. கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரை திருப்பி அனுப்ப இயலாது. நனைத்த வெட்டிவேர்த் தட்டியும் நீர் ஆவியாகிக் குளிர்விக்கும் விசிறிப் பெட்டியும் உலர்ந்த உள்நாட்டு ஊர்களில் சிறந்த பயன் தருவன. ஈரக் காற்று வீசும் கடற்கரையில் அவற்றால் பயன் குறைவு. வீட்டின் மிகக் குளிர்ந்த இடம் எது என்பதை முன்னரே அறிந்து, முதியவரின் கட்டிலைக் கோடை முடியும்வரை அங்கு மாற்றிவிடலாம். வீட்டில் அத்தகைய இடமே இல்லையாயின், நண்பகலில் சென்று தங்கத்தக்க சமுதாயக் கூடம், கோயில் மண்டபம், நூலகம் முதலிய இடங்களைக் குறித்து வைத்தல் வேண்டும்.

நான்காவதாக, மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டி, கோடையில் அளவு மாற்ற வேண்டுமா என்றும், நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்றும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இதய நோயும் சிறுநீரக நோயும் உடைய சிலருக்கு நீரும் உப்பும் அளவோடு விதிக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு எல்லோருக்கும் கூறும் அறிவுரையைக் கூறுதல் தவறு. இன்சுலின் மருந்து வெப்பத்தில் கெடும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணலில் வைத்த மண்கலத்திற்குள் அதனைப் பாதுகாக்கலாம்.

கடும் வெப்ப நாட்களில்

ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்த நாள் முதல், அது விலகி இரண்டு நாள் கழியும்வரை, துணைவர் நாளொன்றுக்கு இருமுறையேனும் முதியவரைக் காண வேண்டும். காலையில் ஒருமுறையும் பிற்பகல் அல்லது மாலையில் ஒருமுறையும் காண்பது நன்று. தொலைபேசியில் பேசுவது நேரில் காண்பதற்கு ஈடாகாது. அறையின் சூடும் தோலின் வறட்சியும் தொலைபேசியில் தெரியமாட்டா.

‘நீர் அருந்தினீர்களா?’ என்று கேட்பதைவிட, ஒரு குவளை நீரைக் கையிற் கொடுத்து அருகில் அமர்ந்திருப்பது மேல். மருத்துவரின் தடை இல்லாதவர்க்கு, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை சிறிது சிறிதாக நீர் தர வேண்டும். நீர்மோரும் நீராகாரமும் பானகமும் ஏற்றவை. வடநாட்டில் மாங்காய்ச் சாற்றுப் பானமும், குஜராத்தில் மோரும், ஒடிசாவில் பழைய சோற்று நீரும் நெடுங்காலமாக இதே நோக்கில் வழங்கி வருகின்றன. நீரிழிவு உடையோர் சர்க்கரை கலந்தவற்றைத் தவிர்த்தல் வேண்டும். சிறுநீர் அடர்ந்த மஞ்சள் நிறமாகவோ மிகக் குறைவாகவோ கழிந்தால் நீர் போதவில்லை என்பது பொருள். இரவில் எழ அஞ்சுவோர்க்குக் கட்டிலருகே கலம் ஒன்றும், வழியில் சிறு விளக்கும் அமைத்துத் தந்தால் அவர்கள் நீரை ஒறுக்கமாட்டார்கள்.

வெளிக்காற்று அறையைவிடச் சூடாக இருக்கும் பகலில் சன்னல்களை அடைத்தும், அது குளிர்ந்தபின் இரவில் திறந்தும் வைக்க வேண்டும். மின்விசிறி காற்றை அசைக்கிறதேயன்றிக் குளிர்விப்பதில்லை. அறை 40 டிகிரியைக் கடந்துவிட்டால் உலர்ந்த தோலின் மீது விசிறிக் காற்றுப் படுவது சூட்டை மிகுவிக்கும். அந்நிலையில் ஈரத்துணியால் முகம், கழுத்து, கைகால்களை நனைத்தபின் விசிறுதல் வேண்டும். வயது முதிர்ந்த மாதர் பலர் நண்பகலிலும் அடுப்பருகே நிற்கின்றனர். அந்நாட்களில் சமையலை விடியற்காலையில் முடித்துவிடச் செய்தல் நலம். ஓய்வூதியம், நியாயவிலைக் கடை முதலியவற்றிற்காக முதியோர் வெயிலில் வரிசையில் நிற்பதையும் ஊரார் முயன்றால் தவிர்க்கலாம்.

அபாயக் குறிகளும் முதலுதவியும்

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு ஆகியவை வெப்பச் சோர்வின் குறிகள். நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடலை நனைத்து விசிறி, உப்பும் சர்க்கரையும் கலந்த வாய்வழி நீரேற்றக் கரைசலைச் சிறிது சிறிதாகத் தர வேண்டும். ஒரு பொட்டலத்தை, அதில் குறித்துள்ளபடி ஒரு லிட்டர் தூய நீரில் முழுவதும் கரைத்தல் வேண்டும்.

உள்வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்து மூளை பாதிக்கப்படும்போது வெப்பத் தாக்கு நேர்கிறது. இதன் முதற் குறி பெரும்பாலும் அறிவுத் தடுமாற்றம். பேச்சுக் குழறும், பொருந்தாத சொல் வரும், வீட்டாரை அடையாளம் தெரியாது, நடை தள்ளாடும். தோல் சூடாகவும் முதியோரிடத்துப் பெரும்பாலும் உலர்ந்தும் இருக்கும். இங்குதான் பெரும்பிழை நேர்கிறது. ‘வயதானவர், ஏதோ பிதற்றுகிறார்’ என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். நேற்றுத் தெளிவாகப் பேசிய முதியவர் வெப்பமான நாளில் இன்று தடுமாறிப் பேசினால் அதனை முதுமை என்று கொள்ளலாகாது. உயிருக்கு ஆபத்து என்றே கொள்ள வேண்டும்.

உடனே 108 எண்ணுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரை ஊற்றி இடைவிடாது விசிறுதல் வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியோ துணியிற் சுற்றிய பனிக்கட்டியோ வைக்கலாம். நினைவு இழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலிற் புகும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப அளவை உயர்த்துகிறது, இங்கோ வெப்பம் மூளையின் ஆணையை மீறி உயர்ந்துள்ளது.

பள்ளியில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

1. ஒரே அளவான இரு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் விசிறுக. ஈரக் குமிழின் அளவு தாழ்வதைக் குறித்துக்கொள்க. உலர்ந்த நாளிலும் ஈரமான நாளிலும் இதனைச் செய்து ஒப்பிட்டால், வியர்வை எந்நாளில் உதவும், எந்நாளில் உதவாது என்பது மாணவர்க்கு விளங்கும்.

2. இரு தகரப் பெட்டிகளில் ஒன்றன் மேற்புறத்திற்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, இரண்டையும் வெயிலில் வைத்து, உள்வெப்பநிலையை அரை மணிக்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரைக.

3. தகரக் கூரை, ஓட்டுக் கூரை, காரைத் தளம் ஆகியவற்றின் கீழுள்ள அறைகளின் வெப்பநிலையைப் பிற்பகல் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வீடுகளில் குறித்துவரச் செய்து, அன்றைய வானிலை அறிவிப்போடு ஒப்பிடுக. எந்த அறை இரவிலும் ஆறவில்லை என்பதை மாணவர் தாமே காண்பர்.

இச்சோதனைகளைச் செய்த மாணவர், தம் வீட்டுத் தாத்தா பாட்டியருக்கு ஏற்ற துணைவராவர். ஆனால் வெப்ப நாட்களில் அவர்களை நண்பகலில் வெளியே அனுப்பலாகாது. குழந்தைகளும் வெப்பத்திற்கு எளிதில் ஆட்படுவோரே.

துணை எவரும் இல்லாத முதியோர்க்காக 14567 என்ற எண்ணில் தேசிய முதியோர் உதவித் தொலைபேசி உள்ளது. அதனைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டித் தருவது நன்று.

மேற்கூறியவற்றுள் பெரும்பொருட் செலவு வேண்டுவது எதுவும் இல்லை. ஒரு பட்டியல், ஒரு வாளிச் சுண்ணாம்பு, ஒரு மண்பானை, நாள்தோறும் இருமுறை கதவைத் தட்டும் ஒருவர் ஆகிய இவையே வேண்டுவன. இவற்றுள் இறுதியில் கூறியது இல்லையேல் ஏனையவை அரைப்பயனே தரும். தாகத்தை உணராத உடலுக்குத் தண்ணீரை நினைவூட்ட வேண்டியவர் பக்கத்திலிருப்பவரே. பங்குனி பிறக்குமுன் ஒவ்வொரு முதியவர் பெயருக்கு நேராகவும் அத்தகைய ஒருவர் பெயர் எழுதப்பட்டிருக்குமாயின், அவ்வூர் கோடைக்கு ஆயத்தமாயிற்று எனக் கொள்ளலாம்.